‘ஹெட் போயிட்டு’ என்று தீர்ப்புச் சொல்ல முதல்...





கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் வைத்திருப்பவர்கள், வாகனம் ஓட்டிப் பிழைப்பவர்கள், பிள்ளைகளை வேனில் பாடசாலைக்கு அனுப்புகிறவர்கள், கராஜ் நடத்துகிற சகோதரர்கள் எல்லோரும் பொறுமையாகக் கடைசிவரை வாசியுங்கள்.

எமது பகுதியில் ஒரு வாகனத்தின் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கும்போது ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால், அடுத்த நிமிடமே ஒரு தீர்ப்பு வந்துவிடுகிறது: “ஹெட் போயிட்டு.” அதன் பின்னாலேயே இரண்டாவது தீர்ப்பு: “ஓட்டினவன் சூடாக்கிட்டான்.” முதல் தீர்ப்பு வாகனத்துக்கு. இரண்டாவது தீர்ப்பு மனிசனுக்கு. இரண்டுக்கும் யாரும் சாட்சி கேட்பதில்லை.

நாம் சொல்ல வருவது இதுதான். ரேடியேட்டர் தண்ணீர் எஞ்சின் ஒயிலில் கலப்பதற்குக் காரணம் ஒன்றல்ல, பல. எது காரணம் என்று சோதித்து அறியாமல் எஞ்சினைத் திறப்பதும், ஓட்டுனரைக் குற்றவாளியாக்குவதும் அநியாயம். அந்தச் சோதனையைக் கேட்டுப் பெறுவதும், அதற்கான கூலியை மனம் கோணாமல் கொடுப்பதும் வாகனச் சொந்தக்காரர்களாகிய நமது கடமை.

ஏன் இதைப் பெரிதாகப் பேச வேண்டும்?

2020 மார்ச்சில் இந்த நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடத்தில் பழைய வாகனங்களின் விலை வானத்துக்கு ஏறியது. இருபது, இருபத்தைந்து வருடம் ஓடிய வேன்களும் லொறிகளும் கை மாறிக் கை மாறி ஓடுகின்றன. இப்போது இறக்குமதி இருந்தாலும் புதியதை வாங்கும் வசதி நம்மில் எத்தனை பேருக்கு?

வாகரையிலிருந்து வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்கு முப்பது கிலோமீற்றருக்கும் மேல். கதிரவெளி, வெருகல் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் தூரம். இரவில் ஒரு பிரசவத் தாயை ஏற்றிக்கொண்டு போகிற வேன் பனிச்சங்கேணிப் பாலத்தைத் தாண்டி நடுவழியில் நின்றால் என்ன நிலைமை என்று நமக்குத் தெரியும். களப்பு மீனையும் இறாலையும் ஏற்றுகிற லொறி ஐந்து மணித்தியாலம் நின்றால் ஐஸ் கரைந்து போகும். ஒரு குடும்பத்தின் ஒரு வார உழைப்பு போகும். கொழும்பில் ஒரு கார் பழுதானால் அது ஒருவரின் அசௌகரியம். இங்கே ஒரு வேன் பழுதானால் இருபது பிள்ளைகளின் பாடசாலை நின்றுபோகிறது. வகுப்பில் காலியாகக் கிடக்கிற கதிரைகளைப் பார்த்தே எந்த வேன் கராஜில் நிற்கிறது என்று ஆசிரியர்களாகிய நாம் சொல்லிவிடுவோம்.

அப்படி நின்ற ஒரு வேனின் கதையைப் பெயர் சொல்லாமல் சொல்கிறோம். சொந்தக்காரர் ஒருவர், சம்பளத்துக்கு ஓட்டுகிற தம்பி ஒருவர். ஒருநாள் காலையில் ஒயில் பால் நிறம். கராஜில் அதே தீர்ப்பு: ஹெட் போயிட்டு, தம்பி சூடாக்கிட்டார். ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்துச் சீவி, புதிய கஸ்கட் போட்டு, ஒயில் மாற்றி அனுப்பினார்கள். செலவில் ஒரு பகுதி தம்பியின் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. “சூட்டு முள் ஒருநாளும் பாதிக்கு மேலே ஏறல்லை” என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

பத்து நாளில் மறுபடியும் பால்.

இரண்டாவது கராஜில் இருந்த பாஸ் முதலில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தார். தண்ணீரின் மேலே ஒயில் மிதந்தது. ஒயில் கூலரைக் கழற்றி, வாயை அடைத்து, தண்ணீரில் அமிழ்த்திக் காற்றடித்தார். குமிழி வந்தது. பழுது அவ்வளவுதான். ஹெட்டும் கஸ்கட்டும் ஆரம்பத்திலிருந்தே சுகமாக இருந்திருக்கின்றன. தம்பியின் பேச்சும் உண்மையாகவே இருந்திருக்கிறது. பிடித்த சம்பளம் மட்டும் இன்னும் திரும்பவில்லை.

தண்ணீர் எந்த வழியால் போகிறது?

எஞ்சினுக்குள் தண்ணீருக்கு ஒரு பாதை, ஒயிலுக்கு ஒரு பாதை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. நடுவில் ஒரு சுவரோ, ஒரு கஸ்கட்டோ, ஒரு ரப்பர் வளையமோதான் தடுப்பு. அந்தத் தடுப்பு எந்த இடத்தில் விட்டாலும் முடிவு ஒன்றுதான்: பால் தேத்தண்ணி. ஆகவே நிறத்தைப் பார்த்து இடத்தைச் சொல்ல முடியாது. காய்ச்சலைப் பார்த்து டெங்கா, டைபொயிட்டா என்று சொல்ல முடியாததுபோலத்தான். இரத்தம் சோதிக்க வேண்டும்.

வழிகள் இவை:

1. ஹெட் கஸ்கட். பிளொக்குக்கும் ஹெட்டுக்கும் இடையில் இருப்பது. பல எஞ்சின்களில் பிளொக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அரை மீற்றர் நீளமுள்ள அலுமினிய ஹெட் 30 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடேறும்போது ஏறத்தாழ 0.8 மில்லிமீற்றர் நீளும். வார்ப்பிரும்பு அதில் பாதிதான் நீளும். ஆக, ஒவ்வொரு முறை ஸ்டார்ட் பண்ணி நிறுத்தும்போதும் கஸ்கட் இரண்டுக்கும் நடுவில் தேய்கிறது. எல்லை மீறிச் சூடானால் ஹெட் வளைந்துவிடும்.

2. ஹெட்டில் வெடிப்பு. பழைய டவுன்ஏஸ், லூசிடா போன்றவற்றில் வந்த டொயோட்டா 2சி, 3சி டேர்போ டீசல்கள் இதற்குப் பெயர் போனவை. வெடித்த ஹெட்டுக்குப் புதுக் கஸ்கட் போட்டால் காசுதான் வீண்.

3. ஒயில் கூலர். பல டீசல் எஞ்சின்களில் உண்டு. நாம் அதிகம் மறந்துபோகிற வழி இதுதான்.

4. முன்பக்க டைமிங் கவர், வோட்டர் பம்ப் கஸ்கட். சில எஞ்சின்களில் தண்ணீர்ப் பாதை இந்தக் கவருக்குள்ளாலும் போகும். கஸ்கட் விட்டால் நேரே சம்புக்குள் இறங்கும்.

5. லொறி, உழவு இயந்திரம் போன்றவற்றில் லைனரின் அடியில் இருக்கும் ரப்பர் வளையம். லைனரைச் சுற்றித் தண்ணீர் நிற்கிற எஞ்சின்களில் அது இறுகிப்போனால் தண்ணீர் கீழே சொட்டும்.

6. வெளியிலிருந்து வருவது. 2011 ஜனவரி வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. ஒவ்வொரு மாரியிலும் தாழ்ந்த வீதிகளில் தண்ணீர் பாய்கிறது. அதற்குள்ளால் வாகனத்தை இறக்கி ஓட்டினால் வெளித் தண்ணீரே எஞ்சினுக்குள் போகலாம். அங்கே எஞ்சினில் பழுதே இல்லாமலும் ஒயில் பால் நிறமாகலாம்.

இன்னொன்றும் உண்டு. பள்ளிவாசல் ஜனாஸா வாகனத்தைப் போல, கிழமைக்கு ஒருதடவை இரண்டு கிலோமீற்றர் மட்டும் ஓடுகிற வாகனத்தில், மாரிக் காலத்தில், ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் பால் ஆடை படியலாம். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராததால் உள்ளே இருக்கிற ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராகிறது. டிப் ஸ்டிக்கில் ஒயில் சுத்தமாகவும் ரேடியேட்டர் தண்ணீர் குறையாமலும் இருந்தால் பதற வேண்டாம். முக்கால் மணித்தியாலம் நன்றாக ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

சோதனைகள், மலிவானதிலிருந்து தொடங்கி

முதலாவது, எஞ்சினை நிறுத்துங்கள். பால் நிறத்தைக் கண்ட பிறகு “கராஜ் மட்டும் ஓட்டிப் போவம்” என்று ஓட்டாதீர்கள். கிராங்க் சுற்றுவது உலோகத்தின் மேல் அல்ல, ஒயில் படலத்தின் மேல். தண்ணீர் கலந்த ஒயில் அந்தப் படலத்தைத் தாங்காது, பெயாரிங் தேயும். கூலன்டில் இருக்கிற கிளைக்கோல் சூட்டில் ஒயிலோடு சேர்ந்து அமிலமாகவும் களியாகவும் மாறும். கட்டி இழுத்துப் போகிற செலவு, கிராங்க் வேலைச் செலவுக்குப் பக்கத்தில் ஒன்றுமேயில்லை.

இரண்டாவது, கண்ணால் பாருங்கள். ஒயில் மட்டம் ஏறியிருக்கிறதா? வெளியே ஒழுக்கு இல்லாமல் ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா? எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீரின் மேல் ஒயில் மிதக்கிறதா?

இந்தக் கடைசிக் கேள்வி மிகவும் முக்கியம். ஓடும்போது ஒயிலின் அமுக்கம் 3, 4 பார் வரை இருக்கும். தண்ணீரின் அமுக்கம் ஏறத்தாழ 1 பார்தான். ஆகவே ஒயில் கூலரில் ஓட்டை இருந்தால், ஓடும்போது ஒயில் தண்ணீருக்குள் போகும். எஞ்சினை நிறுத்தியதும் ஒயில் அமுக்கம் பூச்சியமாகிவிடும். சூடான தண்ணீரின் அமுக்கமோ கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். அப்போது தண்ணீர் ஒயிலுக்குள் போகும். பகலில் ஒரு பக்கம், இரவில் மறு பக்கம். இரண்டிலும் கலப்படம் கண்டால் ஹெட்டைத் தொட முதல் கூலரைப் பாருங்கள்.

மூன்றாவது, ஒரு இரவு வாகனத்தை ஆறவிட்டு, காலையில் ஸ்டார்ட் பண்ணாமல் சம்ப் நட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஒயிலை விடப் பாரமானது. ஒயிலோடு கலந்து பால்மமாகாத தண்ணீர் அடியில் நின்றால், முதலில் அதுதான் வரும். பச்சை அல்லது சிவப்பு நிறமாக வந்தால் கூலன்ட். கலங்கலாக, மண்ணோடு வந்தால் வெள்ளத் தண்ணீரைச் சந்தேகியுங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால், சூடாக்கி அடுப்பிலிருந்து இறக்கிய ஒரு தகட்டில் அந்த ஒயிலில் ஒரே ஒரு துளி விடுங்கள். தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

நான்காவது, அமுக்கச் சோதனை. எஞ்சின் ஆறியிருக்கும்போது, ரேடியேட்டர் மூடி இருக்கிற இடத்தில் கைப்பம்பைப் பூட்டி, மூடியில் எழுதியிருக்கிற அளவுக்கு, பொதுவாக 0.9 அல்லது 1.1 பார், அமுக்கம் ஏற்றி அரை மணித்தியாலம் விடுவது. முள் இறங்கி, வெளியே ஒழுக்கும் இல்லையென்றால், தண்ணீர் உள்ளேதான் போகிறது. அப்போது ஒயிலை வடித்து, சம்பைக் கழற்றி, கீழேயிருந்து லைட் அடித்துப் பார்த்தால் எந்த இடத்திலிருந்து சொட்டுகிறது என்று கண்ணாலேயே காணலாம். முன்பக்கமா, லைனர் அடியா, சிலிண்டருக்குள்ளிருந்தா? இதைவிட நேர்மையான சாட்சி வேறில்லை.

ஐந்தாவது, நீலத் தண்ணீர்ச் சோதனை. ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து, அதிலிருந்து வரும் காற்றை ஒரு நீலத் திரவத்தின் ஊடாக இழுப்பது. எரிந்த புகை தண்ணீருக்குள் வந்தால் நீலம் மஞ்சளாக மாறும். அந்தத் திரவம் வேறொன்றுமல்ல. பாடசாலை ஆய்வுகூடத்தில் காபனீரொட்சைட்டைக் காட்ட நாம் பயன்படுத்துகிற புரோமோதைமோல் நீலம்தான். ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். சிலிண்டருக்கும் தண்ணீருக்கும் இடையிலான ஒழுக்கை மட்டுமே இது காட்டும். தண்ணீர்ப் பாதைக்கும் ஒயில் பாதைக்கும் இடையில் மட்டும் கஸ்கட் விட்டிருந்தால் நீலம் நீலமாகவே இருக்கும். அதனால் “நீலம் மாறல்லை, கஸ்கட் நல்லம்” என்று சொல்வதும் அவசரத் தீர்ப்புத்தான். அமுக்கச் சோதனையோடு சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் ஹெட்டில் ஒரு நட்டுக்கூடத் தளர்த்தப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பழி முழுவதும் பாஸ்மார் மேலா?

இல்லை. தகரக் கூரையின் கீழ், வெயிலில், இருக்கிற ஆயுதங்களோடு நமது வாகனங்களை ஓட வைக்கிறவர்கள் அவர்கள். யுத்த காலத்தில் உதிரிப்பாகம் கிடைக்காதபோதும் தமிழ், முஸ்லிம் என்று பாராமல் எல்லோருடைய வாகனத்துக்கும் உயிர் கொடுத்தவர்கள். ‘படிக்காதவன்’ என்று அவர்களைத் தட்டிவிடுகிற பேச்சு நமக்கு வேண்டாம்.

உண்மையான பிரச்சினை கூலி கொடுக்கிற இடத்தில் இருக்கிறது. ஒரு பாஸ் மூன்று மணித்தியாலம் செலவழித்து, ஒன்றையும் மாற்றாமல், “ஹெட் நல்லம், கூலர்தான் பழுது” என்று கண்டுபிடித்துச் சொன்னால் நாம் என்ன சொல்கிறோம்? “ஒண்ணும் மாத்தல்லையே, இதுக்கெதுக்குக் காசு?” அதே பாஸ் ஹெட்டைக் கழற்றிக் கீழே வைத்தால் கேட்காமலே காசை எண்ணுகிறோம். வைத்தியர் சோதித்துப் பார்த்து “ஒப்பரேஷன் தேவையில்லை” என்று சொன்னால் அல்ஹம்துலில்லாஹ் என்கிறோம். வாகனத்தில் மட்டும் வெட்டினால்தான் வேலை என்று நினைக்கிறோம். கழற்றுவதற்கு மட்டும் கூலி கிடைக்கிற ஊரில் சோதனை எப்படி வளரும்?

இதோடு ஓட்டுனர் விடயத்தையும் சேர்த்துப் பாருங்கள். கஸ்கட் போனாலும்கூட அது எப்போதும் ஓட்டியவரின் தவறல்ல. பிரித்தானியாவின் ரோவர் கம்பனி 1988இல் கொண்டுவந்த கே வரிசை எஞ்சின், ஹெட் கஸ்கட் போவதற்கே உலகறிந்தது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் சில வி6 எஞ்சின்களில் இன்டேக் கஸ்கட் விட்டுக் கூலன்ட் ஒயிலுக்குள் போனது. வாகனச் சொந்தக்காரர்கள் கூட்டாக வழக்குப் போட்டு, 2008இல் இணக்கத்துக்கு வந்தார்கள். நமது வீதிகளில் ஓடுகிற மூன்றாம் தலைமுறைப் பிரியஸிலும் புகைச் சுழற்சிப் பாதை கரி அடைத்துக் கஸ்கட் போவதைப் பல கராஜ்காரர் அறிவார்கள். அதில் தண்ணீர் பெரும்பாலும் சிலிண்டருக்குள் போவதால் ஒயில் பால் நிறமாகாமலும் இருக்கலாம். பெரிய கம்பனிகளின் பொறியியலாளர்களுக்கே பிழைத்த இடத்தில், மாதச் சம்பளத்துக்கு ஓட்டுகிற ஒரு தம்பியின் தலையில் எல்லாவற்றையும் கட்டுவது நீதமா? சூடாக்கினார் என்று நிரூபியுங்கள், பிறகு பேசுங்கள். நிரூபிக்க முடியாவிட்டால் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். வியர்வை உலர முதல் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் இருக்கிறோம்.

திருத்தும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

சோதனையில் ஹெட்தான் என்று உறுதியானால், திறக்கத்தான் வேண்டும். அப்போதும் சில விடயங்களைக் கேளுங்கள்.

ஹெட்டை நேர்மட்டமும் பீலர் கேஜும் வைத்து அளந்தார்களா? பல கம்பனிகளின் கைநூல்களில் வளைவுக்கு விடப்படுகிற எல்லை 0.05 முதல் 0.10 மில்லிமீற்றர் வரைதான். ஒரு தாளின் தடிப்பு அளவு. வளைவு இருக்கிறதோ இல்லையோ ‘எதுக்கும் ஒருக்காச் சீவுவம்’ என்று சீவக்கூடாது. சீவச் சீவ ஹெட் மெலியும். டீசலில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி குறையும். பல டீசல்களுக்குக் கஸ்கட் இரண்டு மூன்று தடிப்பில் வரும். பிஸ்டன் மேலே எழும்புகிற அளவை அளந்துதான் தெரிவு செய்ய வேண்டும்.

சீவ முதல் வெடிப்புச் சோதனை செய்தார்களா? தண்ணீர்ப் பாதைகளை அடைத்து, சூடான தண்ணீரில் அமிழ்த்திக் காற்றடித்துப் பார்க்க வேண்டும். குளிர்ந்த ஹெட்டில் ஒளிந்திருக்கிற வெடிப்பு சூட்டில்தான் வாய் திறக்கும்.

போல்ட் குழிகளைச் சுத்தம் செய்து உலர்த்தினார்களா? குழிக்குள் ஒயிலோ தண்ணீரோ நின்றால் போல்ட் முழுதாக இறங்காது, பிளொக்கையே வெடிக்க வைக்கவும் கூடும். கைநூலில் ‘ஒருதடவைதான்’ என்று சொன்ன போல்ட்டுக்குப் புதியது போட்டார்களா? நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக, டோர்க் ரென்சால் இறுக்கினார்களா? கை மதிப்பீடு அனுபவசாலிக்கும் ஏமாற்றம் தரும்.

பழுதைத் திருத்திய பிறகு எஞ்சினின் உட்புறத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவுகிற பழக்கம் வேண்டாம். மூலை முடுக்கில் நிற்பது புது ஒயிலையும் மெலிதாக்கும். சம்பைக் கழற்றி, சல்லடையைக் கழுவி, விலை குறைந்த ஒயிலும் புதிய பில்டரும் போட்டு, சுமையில்லாமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டு வடியுங்கள். பால் நிறம் முற்றாகப் போகும்வரை இரண்டு, மூன்று தடவை செய்யுங்கள். ரேடியேட்டர் பக்கம் ஒயில் போயிருந்தால் அதையும் சவர்க்காரத் தண்ணீரால் சூட்டோடு பலமுறை கழுவ வேண்டும். ஒயிலில் ஊறி உப்பிய ரப்பர் ஹோஸ்களை மாற்ற வேண்டும். வடித்த கூலன்டை நிலத்திலோ களப்பிலோ ஊற்றாதீர்கள். அது இனிப்பானது, விஷமானது. ஆடும் பூனையும் குடிக்கும், சின்னப் பிள்ளையும் விரலை வைக்கும்.

கடைசியாக, ஏன் சூடானது என்ற கேள்வி. உண்மையில் சூடாகித்தான் கஸ்கட் போனதென்றால், சூடாக்கிய காரணத்தை விட்டுவிட்டுக் கஸ்கட்டை மட்டும் மாற்றினால் அடுத்த கஸ்கட்டுக்கும் இப்போதே காசு சேர்க்க வேண்டியதுதான். மின்விசிறி, ரேடியேட்டர் அடைப்பு, வோட்டர் பம்ப் எல்லாவற்றையும் பாருங்கள். மூடியையும் பாருங்கள்: 0.9 பார் அமுக்கத்தைப் பிடிக்கிற மூடி இருந்தால் தண்ணீர் கொதிக்க 119 பாகை அளவு வேண்டும். மூடி பிடிக்காவிட்டால் 100 பாகையிலேயே கொதித்துவிடும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்து எஞ்சினை இழந்தவர்கள் உண்டு. “நம்மட வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை” என்று கழற்றி வீசுவதும் தவறு. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்தான் சூடானதும் குறுக்குப் பாதையை அடைத்துத் தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. அது இல்லாவிட்டால் ஒரு பகுதி தண்ணீர் ரேடியேட்டரைக் காணாமலே சுற்றிச் சுற்றி வரும்.

நமது கிணற்றுத் தண்ணீர்

இது நமது ஊருக்கே உரிய விடயம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் எப்படி உவர்த்துக் கிடந்தன என்பது நமக்குத் தெரியும். இன்றும் பல கிணறுகளில் கோடையில் உவர் ஏறுகிறது. குடிக்க முடியாத அந்தத் தண்ணீரைத்தான் ரேடியேட்டருக்கு ஊற்றுகிறோம். உவர் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும். கல்லுத் தண்ணீர் சூட்டில் படிந்து ரேடியேட்டர் குழாய்களை அடைக்கும். கேத்தலின் அடியில் படிகிற வெள்ளைக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். அதுவே எஞ்சினுக்குள்ளும் படிகிறது. நமது பகுதியில் ஹெட், கூலர், வோட்டர் பம்ப் மூன்றுக்கும் இது மெதுவான விஷம். கூலன்டையும் காய்ச்சி வடித்த தண்ணீரையும் கலந்து ஊற்றுங்கள். அவசரத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால், வீட்டுக்கு வந்ததும் வடித்து மாற்றிவிடுங்கள்.

மறைத்து விற்பது

இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்றும் சொல்லலாம்.

பால் ஒயிலைக் கண்டதும் சிலர் செய்வது: ஒயிலை மாற்றி, ஒழுக்கடைக்கும் மருந்தை ரேடியேட்டரில் ஊற்றி, ஒரு வாரத்துக்குள் விற்றுவிடுவது. அந்த மருந்து சின்ன ஒழுக்கைக் கொஞ்ச நாள் அடைக்கலாம். ஆனால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அதுவே அடைக்கும். வாங்கியவர் அடுத்த மாதம் நடுவீதியில் நிற்பார். வருடாந்தப் புகைப் பரிசோதனை இதைப் பிடிக்காது. அது புகையைத்தான் பார்க்கிறது, சம்பைத் திறந்து பார்ப்பதில்லை.

ரஸூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கேட்டார்கள். மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். அங்கே நனைந்தது குற்றமாகவில்லை. நனைந்ததை மறைத்ததுதான் குற்றமாயிற்று. தானியத்துக்குள் மறைந்த தண்ணீருக்கும் ஒயிலுக்குள் மறைந்த தண்ணீருக்கும் என்ன வித்தியாசம்? பழுதான வாகனத்தை விற்பது ஹராம் அல்ல. “இதில் தண்ணீர் கலக்கிறது, விலையைக் குறைத்துத் தருகிறேன்” என்று சொல்லி விற்றால் பரக்கத். மறைத்து விற்றால், குறை தெரிந்ததும் திருப்பிக் கொடுக்கிற உரிமையை வாங்கியவருக்கு மார்க்கச் சட்டம் வைத்திருக்கிறது. நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் இருக்கிறது. வாங்குகிறவர் தமிழரா, முஸ்லிமா என்பது இங்கே கேள்வியே அல்ல.

என்ன செய்யலாம்?

ஒன்று: பாடசாலை வேன் ஓட்டுகிற ஒவ்வொருவரும் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, ஒயிலையும் தண்ணீரையும் பார்த்து ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். இரண்டு நிமிட வேலை. நாளை யாராவது பழி சொன்னால் அந்தக் கொப்பி உங்களுக்குச் சாட்சி.

இரண்டு: கராஜில் வாகனத்தை விடும்போது, “என்ன சோதனை செய்வீங்க, அதுக்கு எவ்வளவு?” என்று முதலில் பேசிக்கொள்ளுங்கள். பழுது கண்டுபிடித்ததற்குத் தனியாகக் கூலி கொடுங்கள். கழற்றிய பழைய கஸ்கட்டையும் கூலரையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மூன்று: அமுக்கச் சோதனைப் பம்பு ஒன்று, நீலத் திரவச் சோதனைக் குழாய் ஒன்று, நல்ல நேர்மட்டம் ஒன்று. இவை தனி ஒரு கராஜுக்குச் சுமையாக இருக்கலாம். ஓர் ஊருக்குச் சுமையல்ல. வேன் சொந்தக்காரர்கள், பள்ளிவாசல் நிருவாகங்கள், மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் சேர்ந்து ஒரு தொகுதி வாங்கி, எல்லாக் கராஜும் எடுத்துப் பாவிக்கும்படி பொது இடத்தில் வைக்கலாம்.

நான்கு: வேலை தெரிந்தும் சான்றிதழ் இல்லாத பாஸ்மாருக்கு, செய்த அனுபவத்தைச் சோதித்தே தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுக்கிற வழி இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி அதிகார சபையும் நைட்டாவும் இருக்கின்றன. உயர்தரத்தில் 2013 முதல் தொழில்நுட்பப் பிரிவும் உண்டு. “படிப்பு ஏறாதவனைக் கராஜில் விடு” என்ற பேச்சை நாம் நிறுத்த வேண்டும். மேலே சொன்ன அமுக்கம், விரிவு, காபனீரொட்சைட்டு எல்லாம் விஞ்ஞானப் பாடம்தான். நன்றாகப் படிக்கிற பிள்ளையும் போக வேண்டிய தொழில் இது.

ஐந்து: ஆதாரமில்லாமல் ஓட்டுனர்களின் சம்பளத்தில் பிடித்திருப்பவர்கள், பிடித்ததைத் திருப்பிக் கொடுங்கள். மறுமையில் கணக்குக் கேட்கப்பட முதல் இங்கேயே முடித்துக்கொள்வது லேசு.

கராஜ் சகோதரர்கள் கருத்துச் சொல்லுங்கள். நாம் எழுதியதில் விடுபட்டது இருந்தால் சேருங்கள். வேன் ஓட்டுகிற தம்பிமாருக்கு இதைப் பகிருங்கள்.

அல்லாஹ் நம் எல்லோருடைய பயணங்களையும் பாதுகாப்பானதாகவும், நமது தொழில்களை நேர்மையானதாகவும் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.